பழைய வீட்டில் மின்சாரச் சிக்கனம்

(தோ பாயோவில் பக்தர்களும் நன்கொடையாளர்களும் கூடியிருந்த குடும்ப நல நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆன்மிகச் சொற்பொழிவுகளைக் கேட்டுப் பழகிய இந்த அவையில் மின்சாரக் கட்டணத்தைப் பற்றிப் பேச ஒருவன் வந்திருக்கிறானே என்று சிலர் எண்ணலாம். இல்லறம் நல்லறமாக நடக்க வேண்டுமானால் இல்லம் முதலில் வாழத் தக்கதாக இருக்க வேண்டும். வீட்டில் முதியவர்கள் வெக்கையில் வாடாமல் உறங்க வேண்டும். மாதக் கடைசியில் கட்டண ரசீதைக் கண்டு மனம் கலங்காமலும் இருக்க வேண்டும். இவ்விரண்டும் ஒரே வேளையில் கைகூடும் வழிகளைத்தான், பல ஆண்டுகள் மின்பணியில் ஈடுபட்டவன் என்ற முறையில், உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நாம் கூடியிருக்கும் தோ பாயோ வட்டாரத்தின் பெயருக்கே 'பெரிய சதுப்பு நிலம்' என்று பொருள். அந்தச் சதுப்பு நிலத்தில், 1960களின் நடுப்பகுதியில், வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஒரு புதுநகரை எழுப்பத் தொடங்கியது. 1972ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அரசியார் இரண்டாம் எலிசபெத் இங்கு வந்து, 53ஆம் புளோக்கின் உச்சியிலிருந்து இந்த நகரைப் பார்வையிட்டார். 1973ஆம் ஆண்டு தென்கிழக்காசிய தீபகற்ப விளையாட்டுகளின்போது விளையாட்டாளர்கள் இங்கேதான் தங்கினர். 1987ஆம் ஆண்டு நவம்பரில் முதல் பெருவிரைவு ரயில் ஓடியதும் இயோ சூ காங்கிற்கும் தோ பாயோவுக்கும் இடையேதான். லோரோங் 8இல் உள்ள ஸ்ரீ வைராவிமட காளியம்மன் ஆலயத்துக்கு வரும் அன்பர்களில் பலர் இந்த வளர்ச்சியைக் கண்ணாரக் கண்டவர்கள். அன்று புத்தம் புதிதாகச் சாவி வாங்கிக் குடியேறிய வீடுகளில் பலவற்றுக்கு இன்று ஐம்பது வயதாகிவிட்டது. வீட்டுக்கு வயதானதைப் போலவே அதில் வாழ்பவர்களுக்கும் வயதாகிவிட்டது. ஆகவே, பழைய வீட்டைப் பற்றிப் பேசுவது முதியவர்களைப் பற்றிப் பேசுவதேயாகும்.

அந்தக் காலத்து வீடுகளைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். குளிர்சாதனம் அரிதாக இருந்த நாளில் கட்டப்பட்டவை அவை. ஒரு பக்கம் பொது நடைபாதை, மறு பக்கம் சன்னல். கதவைத் திறந்து வைத்தால் காற்று குறுக்கே ஓடும். லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளில் நடுவே வானம் பார்த்த முற்றமும், முன்னே ஐந்தடி நடைபாதையும், உயர்ந்த கூரையும் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். செட்டிநாட்டு வீடுகளின் வளவும் முற்றமும் அதே கருத்தில் அமைந்தவைதாம். வெயிலைத் தடு, காற்றை விடு என்பதே அந்தக் கொத்தனார்களின் சூத்திரம். நம் அடுக்குமாடி வீட்டில் அந்தச் சூத்திரத்தை நாம்தான் அடைத்து வைத்திருக்கிறோம். சன்னலோரம் அலமாரி, கதவுக்குப் பின்னால் பெட்டிகள், கொசுவுக்கு அஞ்சி எந்நேரமும் மூடிய கண்ணாடி. முதல் வேலை, செலவே இல்லாத வேலை, இந்த அடைப்புகளை நீக்குவது. கொசுவுக்கு வலை கட்டலாம். காற்றுக்குத் தடை கட்டக் கூடாது.

வெயிலைத் தடுப்பது எப்படி? சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு மிக அருகில் இருக்கிறது. நண்பகலில் சூரியன் ஏறக்குறைய நம் தலைக்கு மேலேயே நிற்பதால், வடக்கையும் தெற்கையும் பார்த்த சன்னல்களுக்கு மேலே ஒரு சிறு நீட்டம் இருந்தால் போதும். கிழக்கும் மேற்கும் அப்படியல்ல. காலையிலும் மாலையிலும் வெயில் தாழ்வாகச் சாய்ந்து நேரே அறைக்குள் நுழைகிறது. மேற்குச் சுவர் பிற்பகல் முழுவதும் சூட்டை விழுங்கி, இரவு பத்து மணிக்கு அதை நமக்குத் திருப்பித் தருகிறது. மேற்கு அறையில் படுப்பவருக்கு நள்ளிரவு வரை தூக்கம் வராததன் காரணம் இதுதான்.

ஆகவே மேற்குச் சன்னலின் திரையைப் பிற்பகல் ஒரு மணிக்கே இறக்கிவிட வேண்டும். வெயில் உள்ளே வந்த பிறகு திரையை மூடுவது, திருடன் நுழைந்த பிறகு கதவைச் சாத்துவது போன்றது. திரையின் வெளிப்பக்கம் வெண்மையாக இருந்தால் ஒளி ஓரளவு திரும்பிப் போகும். கண்ணாடிக்கு வெளியிலேயே வெயிலைத் தடுப்பது இன்னும் சிறந்தது. ஆனால் வெளிப்புறத்தில் எதைப் பொருத்துவதானாலும் கழகத்திடமோ நகர மன்றத்திடமோ முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். மாலை மங்கி, வெளிக்காற்று உள்காற்றைவிடக் குளிர்ந்ததும் இரு பக்கமும் திறந்துவிடுங்கள். ஒரு மேசை விசிறியைச் சன்னலோரம் வெளியே பார்த்து வைத்தால் அறையின் வெப்பக் காற்றை அது தள்ளிவிடும். எல்லாவற்றையும்விட எளிய வழி ஒன்று உண்டு. வீட்டில் எந்த அறை இரவில் குளிர்ச்சியாக இருக்கிறதோ அந்த அறையைத் தாய் தந்தையருக்குக் கொடுங்கள்.

இனி மின்சாரத்துக்கு வருவோம். நம் நாட்டின் பொது மின்விநியோகத்துக்கும் லிட்டில் இந்தியாவுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1906இல் நகரின் தெருக்களில் மின்விளக்குகள் எரியத் தொடங்கியபோது, அதற்கான மின்சாரம் மெக்கன்சி சாலையில் இருந்த மின் நிலையத்திலிருந்துதான் வந்தது. இன்றோ நம் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவை எரித்துப் பெறப்படுகிறது. அந்த எரிவாயு முழுவதும் வெளிநாடுகளிலிருந்து வருகிறது. எங்கோ போர் மூண்டாலும் அதன் சுமை நம் சமையலறை வரை வந்து சேரும். 2021இன் பிற்பகுதியில் எரிவாயு விலை ஏறியபோது சில மின் விற்பனை நிறுவனங்கள் சந்தையைவிட்டே விலகியதை நாம் மறக்கவில்லை. கரியமில வரியும் 2019இல் டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கி, 2024இல் 25 வெள்ளி, 2026இல் 45 வெள்ளி என்று உயர்த்தப்பட்டது. ஆகவே சிக்கனம் என்பது நம் பணப்பையின் கவலை மட்டுமன்று.

சிக்கனம் செய்யுமுன், மின்சாரம் எங்கே போகிறது என்று அறிய வேண்டும். தேசிய சுற்றுப்புற வாரியம் 2017இல் நடத்திய ஆய்வின்படி, ஒரு வீட்டு மின்பயனீட்டில் குளிர்சாதனத்துக்குச் சுமார் 24 விழுக்காடும், குளிர்பதனப் பெட்டிக்குச் சுமார் 17 விழுக்காடும், வெந்நீர்ச் சாதனத்துக்குச் சுமார் 11 விழுக்காடும் செலவாகின்றன. இந்த மூன்றுமே பாதிக்கு மேல். ஆனால் நம் வீடுகளில் சச்சரவு வேறு இடத்தில் அல்லவா நடக்கிறது! பாட்டி தோசைக்கு மாவரைத்தால், "கிரைண்டர் மின்சாரத்தைத் தின்கிறது" என்கிறோம். கணக்குப் பார்ப்போம். ஒரு யூனிட் மின்சாரம் 30 காசு என்று வைத்துக்கொள்வோம். 200 வாட் கிரைண்டர் அரை மணி நேரம் சுற்றினால் 0.1 யூனிட்; அதாவது 3 காசு. மாதம் எட்டு முறை அரைத்தாலும் 24 காசுதான். அடுத்த அறையில் பேரன் குளிர்சாதனத்தை இரவு எட்டு மணி நேரம் ஓட விடுகிறான். அது சராசரியாக 700 வாட் இழுக்கிறது என்றால், ஒரு மாதத்துக்கு 168 யூனிட். 50 வெள்ளி 40 காசு. பாட்டியை விட்டுவிடுவோம், குளிர்சாதனத்தைக் கவனிப்போம்.

குளிர்சாதனம் கூடாது என்று நான் சொல்லவில்லை. அதை 25 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் வைத்து, கூடவே விசிறியையும் மெதுவாக ஓட விட்டால், குறைந்த செலவில் அதே சுகம் கிடைக்கும். வடிகட்டியை மாதம் ஒரு முறையாவது கழுவ வேண்டும். தூசி அடைத்தால் இயந்திரம் வீணாக உழைக்கும். பழைய வீட்டில் கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய சன்னல் இருந்தால், அதன் இடுக்குகள் வழியே குளிர்ச்சி வெளியேறிக்கொண்டே இருக்கும். கதவின் அடியில் ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் அப்படியே. ஒரு ரப்பர்ப் பட்டையை ஒட்டுவதற்குச் சில வெள்ளிதான் ஆகும். இவற்றைச் செய்யாமல் புதிய இயந்திரம் வாங்குவது, ஓட்டைப் பானையை அடைக்காமல் பெரிய குழாய் போடுவதற்கு ஒப்பாகும்.

அடுத்து, குளிர்பதனப் பெட்டி. அது ஓய்வே இல்லாமல் ஆண்டு முழுவதும் உழைப்பது. கதவு இடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் தடையின்றி வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்துவிட்டது என்று பொருள். பெட்டியை அடுப்பை ஒட்டியோ, சுவரை ஒட்டியோ வைக்கக் கூடாது. அதன் முதுகுப்புறம் வெளியேறும் வெப்பத்துக்கு இடம் வேண்டும். நம்மவர்கள் வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. புதிய பெட்டி வாங்கிய பிறகும் பழையதைத் தூக்கிப் போட மனம் வராது. "பூசைக்குப் பூ வைக்க உதவும், தீபாவளிப் பலகாரம் வைக்க உதவும்" என்று அதையும் ஓட விடுவார்கள். அந்தப் பழைய பெட்டி நாளொன்றுக்கு 2 யூனிட் இழுத்தால், மாதம் 18 வெள்ளி. இரண்டு முழம் மல்லிகைக்கும் நான்கு பால் பாக்கெட்டுக்கும் அது பெரிய வாடகை அல்லவா?

வெந்நீர்ச் சாதனத்துக்கு ஒரே சூத்திரம், நேரம். 3,000 வாட் சாதனத்தில் பத்து நிமிடம் குளித்தால் அரை யூனிட், 15 காசு. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 18 வெள்ளி. ஐந்து நிமிடமாகக் குறைத்தால் பாதி மிச்சம். நம் வெயில் நாட்டில் பிற்பகல் குளியலுக்குக் குழாய்த் தண்ணீரே போதும். நாள் முழுவதும் தண்ணீரைக் கொதி நிலையில் வைத்திருக்கும் மின்குடுவைகளுக்குப் பதில், வேண்டியபோது கொதிக்க வைத்துச் சாதாரணப் பிளாஸ்கில் ஊற்றி வைத்தால் அதிலும் மிச்சம் உண்டு.

விளக்குகளில், பழைய குழல்விளக்கு ஒன்று அதன் சோக்கையும் சேர்த்துச் சுமார் 45 வாட் எடுக்கும். எல்.இ.டி. விளக்கு 18 வாட்டில் அதே வெளிச்சம் தரும். மூன்று விளக்குகள் நாளுக்கு ஆறு மணி நேரம் எரிந்தால் மாதம் 4 வெள்ளிக்கு மேல் மீதமாகும். பூசையறையில் எண்ணெய் விளக்கை மாற்றச் சொல்லவில்லை. அது நம் மரபு. ஆனால் சாமி படத்துக்கு மேல் இருபத்து நான்கு மணி நேரமும் எரியும் 15 வாட் குண்டு பல்பு மாதம் 3 வெள்ளி 24 காசு கேட்கிறது. அந்த இடத்தில் 1 வாட் எல்.இ.டி. பல்பு 22 காசு மட்டுமே கேட்கும்.

அன்பர்களே, இனிச் சொல்லப்போவதுதான் இன்றைய பேச்சின் முக்கியப் பகுதி. இந்த வட்டாரத்தின் மூவறை வீடுகளுக்கு வேலைக்காகச் செல்லும்போது ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். தனியே வாழும் மூதாட்டி ஒருவர், பிற்பகல் மூன்று மணி வெக்கையில், விசிறியை நிறுத்திவிட்டு, கையில் ஒரு தாளால் விசிறிக்கொண்டு அமர்ந்திருப்பார். "ஏன் பாட்டி?" என்று கேட்டால், "காசு ஏறுமே தம்பி" என்பார். அதே வீட்டின் சமையலறையில் இருபது ஆண்டுப் பழைய குளிர்பதனப் பெட்டி, ரப்பர் கிழிந்த கதவோடு, இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கும். மிச்சப்படுத்த வேண்டிய இடத்தில் பணம் கசிகிறது. மிச்சப்படுத்தக் கூடாத இடத்தில் உடம்பு வதைபடுகிறது.

அவருக்கு நாம் கணக்கை எடுத்துச் சொல்ல வேண்டும். பழைய 70 வாட் விசிறி இரவு எட்டு மணி நேரம் ஓடினால் 17 காசுதான். ஏழு இரவுக்கும் சேர்த்து 1 வெள்ளி 20 காசுக்குள் முடிந்துவிடும். கோப்பிக்கடையில் ஒரு கோப்பி குடிக்கும் காசு அது. நேர்மின் மோட்டார் கொண்ட புதிய விசிறியானால் 30 வாட் போதும். செலவு அதிலும் பாதிக்கும் குறைவு. இந்த 17 காசுக்காக ஒரு தாய் தூக்கத்தை இழப்பது சிக்கனமன்று. 2023ஆம் ஆண்டு மே 13ஆம் நாள், நமக்குப் பக்கத்து நகரான அங் மோ கியோவில் 37 டிகிரி செல்சியஸ் பதிவானது. 1983இல் பதிவான உச்சத்துக்கு அது சமம். அத்தகைய நாட்களில் முதியவர்களுக்கு விசிறி மட்டும்கூடப் போதாது. அன்று குளிர்சாதனத்தைப் போடுவதோ, குளிர்ந்த இடத்துக்கு அவர்களை அழைத்துப் போவதோ வீண்செலவாகாது. அடிக்கடி தண்ணீர் குடிக்கவும் நினைவூட்ட வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பழைய வீட்டின் கம்பிகள் அன்றைய தேவைக்காக இழுக்கப்பட்டவை. அந்நாளைய 30 ஆம்பியர் முதன்மை விசையோடு இன்று குளிர்சாதனம், வெந்நீர், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் ஓடுகின்றன. 2007இல் அறிவிக்கப்பட்ட இல்ல மேம்பாட்டுத் திட்டத்தில் மின்சுமையை உயர்த்துவதும் ஓர் அங்கம். முதலில் 1986 வரை கட்டப்பட்ட வீடுகளுக்கு உரியதாக இருந்த அத்திட்டம், 2018இல் 1997 வரை கட்டப்பட்டவற்றுக்கும் விரிவாக்கப்பட்டது. மின்கசிவு ஏற்பட்டால் நொடியில் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி 1985 ஜூலைக்குப் பிறகு கட்டப்பட்ட வீடுகளில் இருக்கும். அதற்கு முந்திய வீடுகளிலும் அதைப் பொருத்தியாக வேண்டும் என்ற விதி 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பொருத்துவதற்குத் தரப்பட்ட இரண்டாண்டு அவகாசம் 2025 ஜூலை 1ஆம் தேதியோடு முடிந்தது. உங்கள் மின்பெட்டியில் 'சோதனை' பொத்தானோடு கூடிய விசை இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். குழல்விளக்கை எல்.இ.டி.யாக மாற்றும்போதும் சோக்கைத் தாமே கழற்ற முயலாதீர்கள்.

பொருள்களை மாற்றுவதற்கு அரசாங்க உதவியும் உண்டு. 2020 நவம்பரில் ஓரறை முதல் மூவறை வரையிலான வீவக குடும்பங்களுக்காகத் தொடங்கிய பருவநிலைப் பற்றுச்சீட்டுத் திட்டம், 2024 ஏப்ரலில் எல்லா வீவக குடும்பங்களுக்கும் விரிவாக்கப்பட்டு 300 வெள்ளியானது; 2025 ஏப்ரலில் மேலும் 100 வெள்ளி சேர்க்கப்பட்டது. குளிர்பதனப் பெட்டி, எல்.இ.டி. விளக்கு, நேர்மின் விசிறி, குளியல் குழாய் முதலிய 10 வகைப் பொருள்களுக்கு இதைப் பயன்படுத்தலாம்; 2027 டிசம்பர் 31 வரை செல்லுபடியாகும். வாங்கும்போது எரிசக்தி முத்திரையின் டிக் குறிகளைப் பாருங்கள். குறி கூடக் கூட மின்செலவு குறையும்.

இந்த உதவி கைப்பேசி வழியாகக் கிடைப்பதால், அது யாருக்கு மிகத் தேவையோ அவர்களுக்கே எட்டாமல் போகிறது. இங்கே நன்கொடையாளர்கள் பலர் வந்திருக்கிறீர்கள். உங்கள் கொடையால் ஆலயங்கள் சிறக்கின்றன, பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்தக் கொடையோடு ஓர் உழைப்புக் கொடையையும் வேண்டுகிறேன். உங்கள் புளோக்கில் தனித்து வாழும் ஒரு முதியவரின் வீட்டுக்கு, இன மொழி வேறுபாடு பாராமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்லுங்கள். குளிர்பதனப் பெட்டியின் கதவில் தாளை வைத்துப் பாருங்கள். மின்பெட்டியைப் பாருங்கள். படுக்கை மேற்குச் சுவரோரம் இருந்தால் நகர்த்திக் கொடுங்கள். பற்றுச்சீட்டைப் பெற உங்கள் பிள்ளைகளைக் கொண்டு உதவுங்கள். பற்றுச்சீட்டு போதாத இடத்தில் மிச்சத் தொகையைச் சேர்த்துக் கொடுங்கள். கடைசியாக, "இரவில் விசிறியைப் போட்டுக்கொண்டு தூங்குங்கள், 17 காசுதான்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்த வாரம் மறுபடியும் போய், விசிறி ஓடுகிறதா என்று பாருங்கள்.